நன்றியின் கணக்கு



பிழைப்புக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்து குடியேறிய நம்மில் பலருக்குச் சித்தூரும் திருப்பதியும் சொந்த மண். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஒருவர் கடும் நோயில் விழுந்தால், மூத்தவர்கள் வாயிலிருந்து முதலில் வருவது "வேலூருக்குக் கொண்டு போங்கள்" என்பதே. திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடிக்கு வரும் இரயிலில் எத்தனையோ நோயாளிகள் நம்பிக்கையோடு வந்து இறங்கியிருக்கிறார்கள். இன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஒரு மருத்துவமனை வளாகம் சித்தூர் மாவட்டத்துக் குடிபாலாவிலேயே இருக்கிறது.

அந்தக் கல்லூரி யாருடைய பணத்தால் எழும்பியது? கொடுத்தவர்களுக்கு யார் நன்றி சொன்னார்கள்? ஒரு கல்லூரிக்காகவோ பள்ளிக்காகவோ நிதி திரட்டி முடித்த எவரும் சிந்திக்க வேண்டிய கேள்விகள் இவை.

கல்லில் பதிந்த பெயர்

1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் மிஷனெரி குடும்பத்தில் பிறந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். ஆற்காடு மிஷனின் ஊழியம் அந்நாட்களில் வேலூரிலும் சித்தூரிலும் பரவியிருந்தது. 1911இல் தனி மாவட்டமாகும் வரை சித்தூர் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. திண்டிவனத்தில் ஒரே இரவில், பெண் மருத்துவர் இல்லாமையால் பிரசவ வேதனையில் மூன்று தாய்மார் இறந்ததைக் கண்ட ஐடா, மருத்துவம் பயில அமெரிக்கா சென்றார்.

1899இல் பட்டம் பெற்ற அவரிடம் ஷெல் என்னும் நியூயார்க் வங்கியாளர் 10,000 டாலர் கொடுத்தார். மரித்துப்போன தம் மனைவியின் நினைவாக ஒரு மருத்துவமனை எழும்ப வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அப்படியே 1902இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அந்த அம்மையாரின் பெயர் இன்றும் மறக்கப்படவில்லை.

பெயர் தெரியாத கைகள்

1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஐடா தொடங்கினார். விண்ணப்பித்தவர்கள் 151 பேர். இடமோ வெகு சிலருக்கே இருந்தது. கட்டடங்களுக்குப் பெருந்தொகை தேவைப்பட்டது. அச்சமயத்தில் அமெரிக்கத் திருச்சபைப் பெண்கள், லூசி பீபாடி அம்மையாரின் தலைமையில், ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக நிதி திரட்டப் புறப்பட்டார்கள். வேலூர் பள்ளியும் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியும் அவற்றில் இரண்டு.

ராக்ஃபெல்லர் குடும்ப அறக்கட்டளை ஒரு நிபந்தனை வைத்தது. 1923 பிறக்குமுன் பெண்கள் 20 இலட்சம் டாலர் சேர்த்தால், தாங்கள் 10 இலட்சம் தருவோம் என்றது. குறைந்தால் அந்த உதவி இல்லை. ஊர் ஊராய்ப் பேசினவர்களும், வீடு வீடாய்ப் போனவர்களும், குடும்பச் செலவில் மிச்சம் பிடித்து ஒரு டாலர், இரண்டு டாலர் கொடுத்தவர்களும் ஆயிரக்கணக்கானோர். குறித்த காலத்துக்குள் இலக்கு எட்டப்பட்டது.

அவர்களில் பெரும்பாலோர் வேலூரைக் கண்ணால் கண்டதில்லை. அவர்கள் பெயரைப் பொறித்த கல்லும் இல்லை. அப்படியானால் அவர்களுக்கு நன்றி சொன்னது யார்?

பதினான்கு பெண்கள்! பணம் திரட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே 1922இல் வேலூர்ப் பள்ளியின் முதல் மாணவியர் இறுதித் தேர்வு எழுதினார்கள்.  பதினான்கு பேரும் தேறினார்கள். கொடுத்தவர்களுக்கு இதைவிட மேலான நன்றிக் கடிதம் உண்டோ?

1938இல் சென்னை அரசு, பட்டப் படிப்பு இல்லாத மருத்துவப் பள்ளிகள் இனி நடவாது என்று முடிவு செய்தபோது எல்லாம் கைவிட்டுப் போகும் நிலை வந்தது. ஐடா 1941இல், தமது 70ஆம் வயதில், மறுபடியும் நிதிக்காக அமெரிக்கா சென்றார். முன்பு கொடுத்தவர்களிடமே திரும்பச் செல்ல அவருக்குத் தைரியம் இருந்தது. ஏனெனில் அவர்கள் பணம் என்னவாயிற்று என்று காட்ட அவரிடம் சான்று இருந்தது. 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள்.

வேதம் காட்டும் வழி

எருசலேமின் அலங்கம் கட்டப்பட்டபோது நெகேமியா, வேலை செய்தவர்களின் பெயர்களை மூன்றாம் அதிகாரம் முழுவதும் எழுதி வைத்தார். தட்டாரும் தைலக்காரரும், சல்லூமின் குமாரத்திகளும் அதில் இருக்கிறார்கள். சிறையிலிருந்த பவுல், எப்பாப்பிரோதீத்துவின் கையில் வந்த காணிக்கைக்காகப் பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபத்தில், கொடுத்தவர்களுக்கு உண்டாகும் பலனையே தான் நாடுவதாகத் தெரிவிக்கிறார்.

இன்று நம் ஊர்க் கல்லூரிக்கென்று பழைய மாணவர்களும் சபையாரும் நிதி திரட்டி இலக்கை எட்டும்போது, மேடையில் பெருங்கொடையாளருக்குச் சால்வை போர்த்துவதோடு நம் கடமை தீர்ந்துவிடுகிறதா? நூறு ரூபாய் கொடுத்த விதவைத் தாய்க்கும் பெயர் சொல்லி ஒரு கடிதம் போகட்டும். இரசீதுப் புத்தகத்தோடு வெயிலில் அலைந்த வாலிபர்களைச் சபை நடுவே எழுப்பி நிறுத்தி நன்றி கூறுங்கள். வரவு செலவு யாரும் கேட்குமுன்பே வெளியிடப்படட்டும். ஓராண்டு கழித்து, "உங்கள் பணத்தில் இன்னது நடந்தது, இத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள்" என்று மறுபடியும் எழுதுங்கள்.

உதவி பெற்றுப் படிக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கட்டணத்தைச் செலுத்தியவரை நீங்கள் ஒருவேளை ஒருபோதும் சந்திக்கமாட்டீர்கள். நீங்கள் எழுதும் தேர்வும், பிறகு உங்களிடம் வரும் ஏழையை நீங்கள் நடத்தும் விதமுமே அவருக்குச் சேரும் நன்றி.

கொடுத்த கைகளையும் உழைத்த கால்களையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக!