மௌனமான பெட்டிதான் குற்றவாளியா?

கார் கிளம்ப மறுக்கிறது. பணிமனையில் ஸ்கேனரை இணைத்ததும் 'யு0100' என்ற குறியீடு தோன்றுகிறது. "இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டி போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று உடனே தீர்ப்பும் வந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பு அவசரமானது என்பதே என் கருத்து.

'யு' எழுத்தில் தொடங்கும் குறியீடுகள் தகவல் தொடர்புக் கோளாறைக் குறிப்பவை. இன்ஜின் பெட்டியிடமிருந்து செய்தி வரவில்லை என்று பிற பெட்டிகள் அளிக்கும் சாட்சியமே யு0100. ஏன் வரவில்லை என்பதை அது சொல்வதில்லை. ஃபியூஸ் போயிருக்கலாம், எர்த் இணைப்பு துருப்பிடித்திருக்கலாம், வயரை எலி கடித்திருக்கலாம்.

பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய 'கேன்' முறையில், பெட்டிகள் முறுக்கிய இரண்டே வயர்கள் வழியாகப் பேசிக்கொள்கின்றன. அந்தத் தடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை உண்டு. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள சோதனைச் சாக்கெட்டின் 6, 14 எண் முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால், பல கார்களில் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் தடம் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ஒரு மின்தடை இணைப்பில் இல்லை. பூஜ்யத்தை நெருங்கினால் இரு வயர்களும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 60 சரியாக இருந்தால், அடுத்து அந்தப் பெட்டிக்கு மின்சாரமும் எர்த்தும் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இச்சோதனைகளுக்குச் சில நிமிடங்கள் போதும். அறுந்த வயரில் புதிய பெட்டியைப் பொருத்தினால் பணம் போகும், குறியீடு போகாது. ஆகவே, பெட்டியை மாற்றச் சம்மதிக்கும் முன், "எத்தனை ஓம் காட்டியது?" என்று கேளுங்கள். பதில் இல்லையெனில், சோதனை இன்னும் தொடங்கவில்லை என்று பொருள்.