கீமோவுக்கு மசியாத செல்

மாதவிலக்கு நின்று போன பிறகும் உதிரம் பட்டால் ‘உடம்புச் சூடு’ என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துவிட்டு இருந்துவிடுகிறோம். ஜவ்வாது மலையானாலும் சமவெளியானாலும் இதில் பேதமில்லை. அது கருப்பை வாய்ப் புற்றாகவும் இருக்கலாம்.

அந்தப் புற்றுக்கு வேர் எச்.பி.வி. என்ற வைரஸ். உடலுறவில் தொற்றும், பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும். இதை வைத்து ஒரு பெண்ணின் நடத்தையைப் பேசுவது அறியாமை. வைரஸ் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டால்தான் வம்பு. அதன் இ7 என்ற புரதம், செல் பெருகாமல் பிரேக் போடும் ஆர்.பி. புரதத்தை முடக்குகிறது. இ6, பழுதான செல்லைச் சாகச் சொல்லும் பி53-ஐ அழிக்கிறது. கீமோவில் ஏற்றும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து செல்லின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும்; ‘செத்துப்போ’ என்று சொல்ல பி53 இல்லாவிட்டால் மருந்தின் வேகம் குறையலாம். ஆனால் பி53-ஐ உண்டாக்கும் மரபணு பெரும்பாலும் கெடாமலே இருக்கிறது. இ6-ஐ அடக்கினால் பி53 மீண்டும் தலைதூக்குவதை ஆய்வகச் செல்களில் பார்த்திருக்கிறார்கள். இதே வைரஸால் வரும் தொண்டைப் புற்று, புகையிலையால் வருவதைவிடச் சிகிச்சைக்கு நன்றாகவே மசிகிறது. ஆகவே ‘கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தாலும் தேறமாட்டாள்’ என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதாதீர்கள்.

முன்னதாகக் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், வினிகர் போன்ற அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிப் பார்க்கும் சோதனையால் இந்தப் புற்றின் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. 30 வயதைத் தாண்டிய பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதை இலவசமாகக் கேட்கலாம். பெண் ஊழியர் வேண்டும் என்றும் கேளுங்கள். கூச்சப்பட்டுத் திரும்பி வராதீர்கள்.

14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக எச்.பி.வி. தடுப்பூசி போடப்படும் என்று தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. ஊசி நல்லதுதான். ஆனால் 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்கு இதைப் போட்டபோது, பல ஒப்புதல் படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே பெற்றோருக்குப் பதிலாகக் கையெழுத்திட்டார்கள். 2010-இல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் பிள்ளையை விட்டிருக்கும் பெற்றோர், படிவத்தை வாசித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகே கையெழுத்திடுங்கள்.

நோய் உறுதியானால் காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கலாம். சந்தேகமிருந்தால் 104 என்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். சாமை அறுப்பு முடியட்டும் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.