பழைய கொட்டகையைப் பிரிப்பதா, புதிதாகக் கட்டுவதா?

தோட்டத் தோழர்களே,

ஜொகூரில் நான் போய்வரும் ஒரு தோட்டம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனையும் போகப் போகிறது. அங்கே வீடுகள் எழும்புமாம். லயத்துக்குப் பின்னால் ஏழெட்டுக் குடும்பங்களின் மாடுகள் நிற்கும் கொட்டகை ஒன்று இருக்கிறது. என்னைவிட மூத்த கொட்டகை. போன மாதம் பிரட்டில் நிர்வாகத்தின் ஆள் வந்து, "கொட்டகை உங்களுக்கே. பிரித்து எடுத்துக்கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எங்கே கொண்டுபோவது என்று மட்டும் சொல்லவில்லை.

சனங்களுக்கு ஒரே சந்தோஷம். "தம்பி, சும்மா குடுக்கிறாங்க. வேணாம்னா சொல்றது?" என்று கேட்டார் அங்குள்ள அக்கா ஒருவர். எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்த வாரம் சங்க வேலையாகச் சிங்கப்பூர் போக வேண்டியிருந்தது. போன இடத்தில் இதே கேள்வியை நாலு பக்கமும் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா?

சிராங்கூன் ரோட்டில் இறங்கினால் மாடு கண்ணில் படாது. ஆனால் ரோட்டுப் பெயரெல்லாம் மாடுதான். பஃப்ளோ ரோடு, கெர்பாவ் ரோடு, லெம்பு ரோடு! கண்டாங் கெர்பாவ் என்றாலே மலாயில் எருமைக் கொட்டில். பிரசவ ஆஸ்பத்திரிக்கே அந்தப் பெயர் விழுந்தது. ரொச்சோர் ஆற்றுத் தண்ணீரும் ஈரப் புல்லும் இருந்ததால், போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் மாட்டு வியாபாரம் அங்கே கொழித்தது. பெலிலியோஸ் என்ற பெரிய மாட்டு வியாபாரியின் பெயரில் இன்றும் ஒரு ரோடு உண்டு. மாட்டுக்குப் புல்லறுத்தவர்களிலும் பால் கறந்தவர்களிலும் நம்மவர்கள் எத்தனையோ பேர். பிறகு ஊர் பெருத்தது. நாற்றம், அசுத்தம் என்று நகராண்மை நெருக்கியது. 1930களில் மாட்டுத் தொழில் அந்த வட்டாரத்தை விட்டுப் போனது. கொட்டகைகள் போய், பெயர்ப் பலகைகள்தான் மிச்சம்.

அங்கேயே தேக்கா மார்க்கெட்டைப் பாருங்கள். பழைய மார்க்கெட் 1915இல் கட்டியது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு வரவில்லை. இந்தப் பக்கம் புதிதாக ஒரு கட்டடம் எழுப்பினார்கள். மார்க்கெட் ரோட்டைத் தாண்டி வந்தது. 1982இல் பழையதை இடித்தார்கள். புதியதற்கு முதலில் சூஜியாவ் சென்டர் என்று பெயர் வைத்தார்கள். சனங்கள் வாயில் தேக்கா தேக்காவாகவே இருந்தது. 2000இல் அரசாங்கமும் அந்தப் பெயருக்கே திரும்பி வந்தது. இதில் எனக்குப் பெயர் முக்கியமில்லை, தோழர்களே. புதிய இடம் முதலில், இடிப்பது பிறகு. அந்த வரிசைதான் முக்கியம்.

இனி லாவ் பா சாட். அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவில் எட்டு மூலைக் கூரையோடு நிற்கிறதே, அதுதான். 1838இல் கோல்மன் என்பவர் கடலோரத்தில் எட்டு மூலையாக மார்க்கெட் கட்டினார். கடலைத் தூர்த்தபோது அதை இடித்தார்கள். 1894இல் மக்ரிச்சி என்ற இன்ஜினியர், தூர்த்த மண்ணில், அதே எட்டு மூலை வடிவத்தில் வார்ப்பிரும்புத் தூண்களை நிறுத்திப் புதிதாகக் கட்டினார். 1973இல் அது தேசியச் சின்னமானது. 1986இல் பாதாள ரயில் வேலை வந்தது. இந்தத் தடவை இடிக்கவில்லை. இரும்பைத் துண்டு துண்டாகக் கழற்றி, அடையாளமிட்டு, பத்திரப்படுத்தி, 1989இல் பழையபடி பூட்டினார்கள்.

ஏன் முடிந்தது? அது வார்த்துக் கொண்டுவந்து பூட்டிய கட்டடம், கழற்றினால் கழலும். மூன்று வருஷம் காத்திருக்க முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேல், செலவு அரசாங்கத்துடையது. தூணைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று எந்த மீன்காரரிடமும் சொல்லவில்லை!

திரும்பி வந்ததும் நானும் அந்த அக்காவும் பாராங்கத்தியோடு கொட்டகைக்குப் போனோம். கம்பம் மேலே கல்லு மாதிரி இருக்கும். அழுகுவது மண்ணைத் தொடும் இடத்தில். அங்கே குத்திப் பார்த்தோம். பத்தில் நாலு கம்பத்தில் கத்தி பொதபொதவென்று இறங்கியது. அழுகியதை வெட்டினால் கம்பம் முழ அளவு குட்டை. கூரை தாழ்ந்தால் காற்று வராது, மாடு மூச்சுத் திணறும். அடியில் சிமெண்டுக் கட்டை போட்டுத்தான் நிறுத்த வேண்டும். தகரத்தைப் பிடுங்கினால் பழைய ஆணித் துளை ஒவ்வொன்றும் மழைக்கு ஒழுகும். விட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் மட்டும் நல்ல கெட்டி மரம். இன்றைக்கு அப்படி மரம் வாங்க நம் சம்பளம் பத்தாது. அதை எடுத்துப்போவது புத்திசாலித்தனம். ஆனால் சிமெண்டுத் தரை? மூத்திரம் ஓடும் கால்வாய்? தண்ணீர்க் குழாய்? கொட்டகையில் பாதிக் காசு அதில்தான் கிடக்கிறது. அதை யாரும் பிரித்து லாரியில் ஏற்ற முடியாது.

ஒரு எச்சரிக்கை. உங்கள் தோட்டத்துக் கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஓடு போட்டிருந்தால் அதை உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய் இருபது, முப்பது வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோயாக வரும். பயிற்சி பெற்றவர்கள்தான் கழற்ற வேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

நல்ல விட்டம் போக மீதியெல்லாம் புதிதாகத்தான் வேண்டும் என்று கணக்குப் போட்டதும் அக்கா சிரித்துவிட்டார். "அப்போ, இடிக்கிற கூலிய நம்ம தலையில கட்டிட்டு, தானம் பண்ண மாதிரி பேசிட்டுப் போயிருக்காங்க!" அவர் எந்தச் சங்க வகுப்புக்கும் வந்தவரில்லை.

அன்று ராத்திரியே லயத்து வாசலில் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். மாடு கட்ட மாற்று இடம் எழுத்தில் வேண்டும். அங்கே தரையும் கால்வாயும் தண்ணீரும் நிர்வாகச் செலவில் முதலில் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் பழைய கொட்டகையில் கை வைப்போம். நல்ல மரம் எங்களுக்கு, ஏற்றும் லாரி அவர்களுடையது. மாடு வைத்திருக்கும் எல்லாக் குடும்பமும் கையெழுத்துப் போட்டது. இருவர் கைநாட்டு. விட்டங்களுக்குச் சுண்ணாம்பில் ஒன்று, இரண்டு என்று நம்பரும் போட்டுவிட்டோம், லாவ் பா சாட்டில் அடையாளமிட்ட மாதிரி.

பதில் இன்னும் வரவில்லை. போன வாரம் மூன்றாம் நம்பர் விட்டத்துக்குக் கீழே ஒரு கிடாரிக் கன்று பிறந்திருக்கிறது.