மாவுக்கட்டு போட்ட கை

பெங்களூர் கே.ஆர். மார்க்கெட். விடியற்காலை. தரையெல்லாம் ஈரம், வாழைச் சருகு. மூட்டை தூக்கும் ஒருவர் வழுக்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையை ஊன்றி விழுந்தார். முன்கை கோணிவிட்டது.

உடனே நாலு பேர் நாலு யோசனை சொல்வார்கள். "எண்ணெய் போட்டு நீவு" என்பார் ஒருவர். "இழுத்துவிட்டால் சரியாகும்" என்பார் இன்னொருவர். இரண்டும் வேண்டாம். உடைந்த எலும்பின் முனை கத்தி போன்றது. நரம்பையும் ரத்தக் குழாயையும் கிழித்துவிடும்.

மோதிரம், வளையல், கடிகாரத்தை முதலில் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. பழக்கடையில் அட்டைப்பெட்டி இருக்கும். நீளமாக ஒரு துண்டு கிழித்து முன்கைக்கு அடியில் வையுங்கள். தளர்வாகக் கட்டுங்கள். ஒரு துண்டைத் தூளி போலக் கழுத்தில் மாட்டி, கையை அதில் தாங்கவிடுங்கள்.

பக்கத்திலேயே விக்டோரியா அரசு மருத்துவமனை இருக்கிறது. 1900-இல் திறந்தது. போகும் வழியில் டீ, டிபன் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம்.

எக்ஸ்ரே எடுத்து, எலும்பை டாக்டர் நேராக்குவார். பிறகு மாவுக்கட்டு. இது சோற்று மாவு அல்ல. ஜிப்சம் என்ற கல்லைச் சுட்டு அரைத்த பொடி. தண்ணீர் பட்டால் மறுபடி கல்லாகிவிடும். அப்போது கை சூடாக இருக்கும், பயப்பட வேண்டாம். பொடி தடவிய துணியைப் பல மடிப்பாக நனைத்து, பஞ்சு சுற்றிய கையின் ஒரு பக்கம் மட்டும் வைப்பார்கள். மேலே பேண்டேஜ் சுற்றுவார்கள்.

"ஏன் பாதிக் கட்டு? காசு மிச்சம் பிடிக்கிறார்களா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. கை இன்னும் வீங்கும். அதற்கு இடம் வேண்டும். வீக்கம் வடிந்ததும் முழுக் கட்டு போடுவார்கள்.

அன்று இரவுதான் உஷாராக இருக்க வேண்டும். கையைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். விரல்களை மடக்கி நீட்டுங்கள். வலி குறையாமல் ஏறுகிறதா? விரலை நீட்டினால் உயிர் போகிறதா? மரத்துப்போகிறதா? வெளுத்து, நீலம் பாரித்து, சில்லிடுகிறதா? விடியட்டும் என்று காத்திராதீர்கள். வலி மாத்திரை போட்டுத் தூங்காதீர்கள். கட்டுக்குள் ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் சதை செத்துவிடும். பிறகு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். மூட்டையும் தூக்க முடியாது, சோறும் பிசைய முடியாது. நாட்டுக் கட்டானாலும் மாவுக்கட்டானாலும் இறுக்கம் ஆபத்துதான். ராத்திரியே ஓடுங்கள். ஆம்புலன்சுக்கு 108.

கட்டில் தண்ணீர் படக் கூடாது. அரிக்கிறது என்று குச்சி விட்டுச் சொறியாதீர்கள். அடுத்த எக்ஸ்ரே தேதியைச் சீட்டில் எழுதித் தருவார்கள். அங்கேயே படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.