மூளை ஏற்குமா இந்த ஊசியை?

கெட்டித் தயிரில் ஊசியைச் செருகிக் கிண்ணத்தை ஆட்டிப் பாருங்கள். ஊசியைச் சுற்றித் தயிர் உடையும். மூளைக்குள் வைக்கும் மின்முனைகளின் தலைவலியும் ஏறக்குறைய இதுதான்.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் நார்மன் உருவாக்கிய மூளை மின்முனைத் தகடு, நான்கு மி.மீ. சதுரம். அதில் 100 சிலிக்கான் ஊசிகள். 2004-இல் கை கால் செயலிழந்த ஒருவருக்கு அதைப் பொருத்தினார்கள். அவர் நினைத்த மாத்திரத்தில் கணினித் திரையில் சுட்டி நகர்ந்தது.

ஆனால் சிலிக்கான், மூளைத் திசுவைவிடப் பல கோடி மடங்கு விறைப்பானது. நாடி துடிக்கும்போதும் மூச்சு விடும்போதும் மூளை லேசாக அசைகிறது. ஊசி அதை உரசிக்கொண்டே இருக்கிறது. மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் முதலில் வந்து மொய்க்கின்றன. பின்னாலேயே ஆஸ்ட்ரோசைட்டுகள் வந்து ஊசியைச் சுற்றித் தழும்பு கட்டுகின்றன. நரம்பு செல்லின் சமிக்ஞையோ வெறும் மைக்ரோவோல்ட் கணக்கு. தழும்பு தடிக்கத் தடிக்க அது மங்குகிறது. போதாததற்கு, உடம்பின் உள்ளே எப்போதும் 37 டிகிரி உப்புநீர்; மின்காப்புப் பூச்சில் ஒரு விரிசல் விழுந்தால், மின்முனை பழுதாக அதுவே போதும்.

மின்முனை உலோகங்களின் விஷத்தன்மை பற்றிய கேள்வி பெரும்பாலும் தீர்ந்த விஷயம். வெள்ளியும் செம்பும் மூளைத் திசுவைக் கெடுக்கும் என்பதால் ஒதுக்கப்பட்டன. பிளாட்டினமும் இரிடியமும் நிலைத்தன. மிச்சம் இருப்பது விறைப்பு.

காது கேட்க வைக்கும் காக்ளியர் கருவி இதில் தப்பித்துக்கொண்டது. ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க், உட்செவியின் சுருளுக்குள் கம்பியை எப்படி நுழைப்பது என்று திணறிக்கொண்டிருந்தார். 1977-இல் கடற்கரையில் கிடந்த சங்கின் சுருளுக்குள் புல்லைச் செருகிப் பார்த்தார். நுனி மெலிந்து அடி விறைத்த புல் வளைந்து உள்ளே போனது. மறு ஆண்டே மெல்போர்னில் அறுவை சிகிச்சை. சிலிக்கோன் உறை போட்ட அந்த மின்முனை எந்தத் திசுவையும் குத்துவதில்லை. திரவத்தில் கிடந்தபடியே நரம்பைத் தூண்டுகிறது.

மூளைக்குள் அந்தச் சலுகை கிடையாது. நியூராலிங்க் நிறுவனம் முடியைவிட மெல்லிய பாலிமர் இழைகளை 2024 ஜனவரியில் முதல் மனிதருக்குப் பொருத்தியது. சில வாரங்களில் இழைகள் பல பின்வாங்கிவிட்டன. சிங்க்ரான் நிறுவனம் மூளையைக் குத்துவதே இல்லை. நிட்டினால் என்ற உலோகக் கலவையாலான வலையை ரத்தக்குழாய் வழியே அனுப்புகிறது. சமிக்ஞை துல்லியம் குறைவுதான். என் ஓட்டு இதற்கே.

மூளைச் சில்லு பற்றி அடுத்த செய்தி வரும்போது மின்முனைகளின் எண்ணிக்கையில் மயங்கிவிடாதீர்கள். எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேளுங்கள்.