பாஸ்வேர்டு தெரியாத பழைய கம்ப்யூட்டர்: 'ஃபார்மட்தான் வழி' என்கிறார்களா? கொஞ்சம் பொறுங்க!

தூத்துக்குடி மாவட்டம் ஆழ்வார்திருநகரியில் எங்க பெரியப்பா வீட்டு மச்சில் ஒரு பழைய சிபியூ இருக்கிறது. விண்டோஸ் 7 போட்டது. பெரியப்பா இப்போது இல்லை. பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கல்யாண ஆல்பங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிட்டன. மச்சில் கிடந்ததால் சிபியூ மட்டும் தப்பியது. அந்தப் படங்கள் இனி அதற்குள் மட்டும்தான்.

கடையில் கொண்டுபோய்க் காட்டினால், "பாஸ்வேர்டு தெரியலன்னா ஃபார்மட்தான் அடிக்கணும்" என்றார்கள். பெரியம்மா தலையாட்டப் போன நேரத்தில்தான் எனக்கு ஃபோன் வந்தது. 'வேண்டவே வேண்டாம்' என்றேன்.

ஃபார்மட் அடித்தால் கம்ப்யூட்டர் கிடைக்கும், படங்கள் போய்விடும். நமக்கு வேண்டியது படங்கள்தானே?

பூட்டு எங்கே இருக்கிறது?

விண்டோஸ் பாஸ்வேர்டு வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. விண்டோஸ் ஓடும்போதுதான் அவர் 'யார் நீங்க?' என்று கேட்பார். உள்ளே ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்கள் பெரும்பாலும் பூட்டப்படாமல் அப்படியேதான் இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் வாட்ச்மேன் கூட வரமாட்டார்.

அப்போ பாஸ்வேர்டையே கண்டுபிடிச்சிடலாமா? அது கஷ்டம். விண்டோஸ் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைப்பதில்லை. அதை அரைத்து 'ஹாஷ்' என்ற வேறு வடிவத்தில்தான் வைக்கிறது. அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாதில்லையா, அதுபோலத்தான்.

முதலில் கீபோர்டைப் பாருங்க

சிரிக்காதீங்க. பழைய கீபோர்டில் ஓரிரண்டு கீ வேலை செய்யாமல் இருப்பது சகஜம். நம்லாக் அணைந்திருந்தால் வலப்பக்க நம்பர் கீகளில் எண் விழாது. கேப்ஸ்லாக்கையும் பாருங்க. வேறு கீபோர்டு மாட்டி, தெரிந்த பாஸ்வேர்டுகளை ஒருமுறை நிதானமாக அடிங்க. தப்பாக அடித்தால், பாஸ்வேர்டு வைத்தவர் ஏதாவது குறிப்பு கொடுத்திருந்தால் அதுவும் திரையில் தெரியும். விண்டோஸ் 8-க்குப் பிந்தைய சிஸ்டத்தில் இமெயில் ஐடி கொடுத்து உள்ளே போகும் பழக்கம் இருந்திருந்தால், மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம்.

டிஸ்க்கைக் கழற்றுவது எப்படி?

மின் இணைப்பை முழுசாக எடுத்துவிட்டு சிபியூவின் பக்கத் தகட்டைத் திறந்தால், சின்னப் புத்தகம் அளவில் கனமான ஒரு பெட்டி இருக்கும். அதுதான் ஹார்டு டிஸ்க். ஒல்லியான கேபிள் என்றால் சாட்டா வகை. பட்டையாக, அகலமான கேபிள் என்றால் அதற்கும் பழைய ஐடிஇ வகை. டிஸ்க்கை யூஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இணைக்க அந்தந்த வகைக்கேற்ற அடாப்டர் வேண்டும்.

பலரும் ஏமாறுவது இங்கேதான். லேப்டாப் டிஸ்க்குக்கான யூஎஸ்பி கேபிளை வாங்கி வந்து மாட்டுவார்கள், டிஸ்க் சுற்றவே சுற்றாது. யூஎஸ்பி கொடுப்பது 5 வோல்ட். டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும். அதனால் தனி பவர் அடாப்டரோடு வருவதைக் கேட்டு வாங்குங்க.

இணைத்ததும் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் போங்க. எக்ஸ்பி என்றால் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்'. அனுமதி இல்லை என்று வந்தால் 'கன்டினியூ' கொடுங்க. ஆனால் 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் கேன்சல் மட்டும்தான்! கழற்ற பயமாக இருந்தால், உபுண்டு லினக்ஸை பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தும் ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு எடுக்கலாம்.

எப்போது இது பலிக்காது?

பிட்லாக்கர் போட்டிருந்தால் டிஸ்க்கே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் திறக்காது. பழைய வீட்டு கம்ப்யூட்டர்களில் இது அபூர்வம், ஆபீஸ் சிஸ்டங்களில் இருக்கலாம். ஃபைல் பெயர்கள் பச்சை நிறத்தில் தெரிந்தால் அவையும் தனியாகக் குறியாக்கம் செய்யப்பட்டவையாக இருக்கலாம். அந்த நிலையில் பாஸ்வேர்டை அழிக்கும் மென்பொருள் எதையாவது ஓட்டினால் இருந்த ஒரே வழியும் அடைபடும்.

டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்க. வெள்ளத்தில் நனைந்தது என்றால் காயவைத்துப் பார்க்கலாம் என்று கரண்ட் கொடுக்கவே கூடாது. இரண்டுக்குமே டேட்டா மீட்பு வேலை மட்டும் செய்யும் இடத்துக்குத்தான் போகணும். செலவு அதிகம்தான்.

அடுத்தவர் கம்ப்யூட்டரில் இதையெல்லாம் முயற்சி செய்யாதீங்க. உரிமையாளர் அனுமதியில்லாமல் மோசடி எண்ணத்தோடு திறந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

உள்ளே போனால் இன்னொரு பூட்டு

எங்க பெரியப்பா டிஸ்க் திறந்தது. கல்யாணப் படங்கள் இருந்தன, வைகாசி கருட சேவைப் படங்களும் இருந்தன. 2006-ல் அவர் தமிழில் டைப் அடித்த ஒரு ஃபைலும் இருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. பத்துப்பாட்டு ஏடு தேடி உ.வே.சா. வந்துபோன ஊரில், 2006-ம் வருஷத் தமிழை வாசிக்க முடியாமல் நின்றோம்!

காரணம் ஃபான்ட். தமிழக அரசு 1999-ல் டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளைத் தரப்படுத்தியது. 2010-ல்தான் யூனிகோடை ஏற்றது. அதற்கு முன் பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு ஃபான்ட். ஒன்றில் அடித்தது இன்னொன்றில் தெரியாது. இதற்கான விடையும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்று இருக்கும். அங்கிருந்து பழைய ஃபான்ட்டை எடுத்து உங்க லேப்டாப்பில் போட்டால் எழுத்து தெரியும். பிறகு இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றிப் பார்த்தோம். கல்யாண மொய்க் கணக்கு. யார் யார் எவ்வளவு, எந்த ஊர் என்று 11 பக்கம். பெரியம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.