நாடா அளக்காத தூரம்

பள்ளி விளையாட்டு விழாக்களில், குண்டு எறியும் போட்டிக்கு அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நான் பல ஆண்டுகள் நின்றதுண்டு. வெற்றி தோல்வியைத் தீர்க்க அந்த நாடா ஒன்றே போதும் என்றும் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றிய ஒரு வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

உக்ரேன் நாட்டில் 1974-ஆம் ஆண்டு பிறந்தவர் யூரி பிலோனோக். குண்டு எறிவதில் அவர் 1997-இல் உலக உள்ளரங்கப் போட்டியிலும், 2002-இல் ஐரோப்பியப் போட்டியிலும் முதலிடம் பெற்றார். 2004-ஆம் ஆண்டு ஆதென்ஸ் ஒலிம்பிக் விழாவில், குண்டெறிதல் மட்டும் பண்டைய ஒலிம்பியாவின் மைதானத்திலேயே நடைபெற்றது.

ஆடவர் எறியும் குண்டின் எடை 7.26 கிலோகிராம். இறுதிச் சுற்றில் முன்னணி வீரர் எண்மருக்கு ஆறு வாய்ப்புகள் இருந்தன. அமெரிக்கரான ஆடம் நெல்சன் தம் முதல் வாய்ப்பிலேயே 21.16 மீட்டர் எறிந்தார். அடுத்த ஐந்தும் விதி மீறியவையாகிச் செல்லாமற் போயின. பிலோனோக் தம் கடைசி வாய்ப்பில் அதே 21.16 மீட்டரைத் தொட்டார். தூரம் சமமானால், இரண்டாவது சிறந்த வீச்சைப் பார்க்க வேண்டும் என்பது விதி. பிலோனோக்குக்கு 21.15 மீட்டர் இருந்தது. நெல்சனுக்கோ வேறு வீச்சே இல்லை. தங்கம் உக்ரேனுக்குச் சென்றது.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. அன்று எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த சிறுநீர் மாதிரிகளை, புதிய முறைகளைக் கொண்டு மீண்டும் சோதித்தனர். பிலோனோக்கின் மாதிரியில், தசையை வளர்க்கும் ஆக்ஸான்ட்ரோலோன் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருப்பது தெரிந்தது. 2012 டிசம்பரில் அவருடைய பதக்கம் பறிக்கப்பட்டது. தங்கம் நெல்சனுக்கு உரியதாயிற்று. 2013-இல் அவர் அதைப் பெற்றுக்கொண்ட இடம் எது தெரியுமா? அட்லாண்டா விமான நிலையத்தின் உணவுக்கூடம்! கூடியிருந்த மக்கள்முன் தம் நாட்டுப் பண் ஒலிக்க நிற்கும் பேற்றை, யாரால் அவருக்குத் திருப்பித் தர இயலும்?

பிலோனோக்கின் பல்லாண்டு உழைப்பு பொய்யன்று. ஆயினும், அந்த 21.16 மீட்டரில் உழைப்பின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று இனி எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது, அவராலும் முடியாது. குண்டு விழுந்த இடத்தை நாடா காட்டும். அதை அங்கே கொண்டுசேர்த்தது எது என்பதை எறிந்தவரின் மனச்சான்றே முதலில் அறியும். அதற்கு எட்டு ஆண்டுகள் தேவையில்லை.